மதுரை வீரன் யார் பிள்ளை?
சிறுவர் படக்கதைகளும் கெடார்ப் பிள்ளைகளும்



அய்யாவின் நினைவுச் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்தபோது தயங்கினோம். இதற்கு முன் இந்த மேடையில் பேசியவர்கள் ஆய்வாளர்கள். நாங்கள் கெடார் காலனியில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படக்கதை படிப்பவர்கள், அவ்வளவுதான். "அதைத்தான் பேசுங்கள்" என்றார்கள். அதனால் வந்திருக்கிறோம். ஒரு தவறையும் சொல்லவேண்டியிருக்கிறது. அதை நடுவில் சொல்கிறோம்.

கொரோனாவுக்குப் பிறகுதான் இது தொடங்கியது. ஒன்றரை ஆண்டு பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபரில் நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். எங்களில் ஒருவர் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தைத் திறந்தால் எழுந்து ஓடினார்கள். படம் போட்ட கதையைத் திறந்தால் தலைகள் முட்டிக்கொண்டன. படம் முதலில் புரிந்துவிடுகிறது, பிறகு அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எழுத்தைத் தேடுகிறார்கள். இதற்கு மேல் எங்களிடம் பெரிய கல்விக் கோட்பாடு எதுவும் இல்லை.

எங்களில் மூத்தவர்கள் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள்தான். 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துப் படித்திருக்கிறார்கள். அம்புலிமாமாவின் வேதாளத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதைகளையும் பார்த்திருக்கிறார்கள். வீரன் என்றால் வெளுத்த நிறம், அரக்கன் என்றால் கறுப்பு என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லாமலே படிந்துவிட்டது. அதே வரிசையில் 1979இல் பாபாசாகேப்புக்கும் ஒரு புத்தகம் வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பிள்ளைகளை உண்மையில் உலுக்கியது பீமாயணம். நவயானா 2011இல் வெளியிட்டது, தமிழிலும் வந்திருக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு இணையர். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்தப் புத்தகத்தில் சதுரக் கட்டங்கள் இல்லை. நல்ல மனிதர் பேசினால் பேச்சுக் குமிழ் பறவையின் வடிவில் இருக்கும். சாதித் திமிரோடு பேசினால் குமிழுக்குத் தேளின் கொடுக்கு முளைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும் சிறுவன் பீமனின் கதையை வாசித்த மறுவாரம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நோட்டில் ஒரு தேள் குமிழ் வரைந்து வந்தான். உள்ளே எதுவும் எழுதவில்லை. "யார் சொன்னதுடா?" என்று கேட்டோம். சொல்லவில்லை. நோட்டை மூடிக்கொண்டான்.

அந்தப் பையனைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறோம்.

நாட்டார் கதைகளையும் படக்கதையாகப் படிக்கலாம் என்று ஒருமுறை மதுரை வீரன் கதையை எடுத்தோம். கையில் கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த அதே கதை. காசி ராஜாவுக்குக் கொடி சுற்றிப் பிள்ளை பிறக்கிறது. நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடுகிறார்கள். செருப்புத் தைக்கும் சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அவனை அரச குடும்பத்துப் பிள்ளையாகத்தான் காட்டியது. முதல் பக்கத்தில் அரண்மனை, தங்கத் தொட்டில். அந்தப் பையன் கேட்டான்: "அப்ப இவரு ராஜா வூட்டுப் புள்ளையா? நம்ம ஆளுன்னு எங்க ஆயா சொல்லுச்சே?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன், "உங்க ஆளா, எங்க ஆளா?" என்றான்.

அவன் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. மற்றவர்கள் பெரும்பாலும் பறையர் வீட்டுப் பிள்ளைகள், நாங்களும் அப்படித்தான். அந்தச் சிரிப்பை நாங்கள் கண்டிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டோம். இதுதான் நாங்கள் சொல்லவேண்டிய தவறு. பிறகு யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. அவன் எட்டு மாதமாகத் திண்ணையின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் வீடு நாங்கள் படிக்கும் இடத்திலிருந்து இருநூறு அடிகூட இருக்காது. அந்தப் பக்கம் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. தேள் குமிழுக்குள் யாருடைய பேச்சு இருந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஊர்த்தெருப் பேச்சாக இருக்கும் என்று நாங்களாகவே முடிவுசெய்துகொண்டிருந்தோம்.

மறுவாரம் அவன் ஆயாவைப் பார்க்கப் போனோம். அவர் சிரித்தார். "மாலை சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆவாதும்பாங்க. அதுக்காக எவளாவது பெத்த புள்ளயக் காட்டுல உடுவாளா? ராஜா வூட்ல உடுவாங்க போல. வளத்தவங்கன்னு சொல்றாங்களே, அவங்கதான் பெத்தவங்க" என்றார். அவ்வளவுதான் அவர் தந்த விளக்கம். பிறகு கதையை ஒரு மணி நேரம் சொன்னார்.

இது மதுரை வீரனுக்கு மட்டும் நடந்ததல்ல. நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முத்துப்பட்டன் கதையை மாணவர்கள் எடுத்துப் படியுங்கள். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகப் பிராமணனான பட்டன் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்க உட்காருகிறான். அந்தப் பெண்களும் பிறப்பில் பிராமணர்களே, பகடை எடுத்து வளர்த்தவன்தான் என்று மாற்றிச் சொல்லும் வடிவமும் உண்டு. அது பின்னால் நுழைக்கப்பட்டது என்பதை வானமாமலை சுட்டிக்காட்டியிருக்கிறார். வாய்மொழியில் இந்த மாற்றத்துக்கு எதிராக ஓர் ஆயா நின்றுவிட முடியும். படமாக அச்சாகிவிட்டால் பிள்ளை அந்தத் தங்கத் தொட்டிலைக் கண்ணால் பார்த்துவிடுகிறது. பிறகு ஆயா சொல்வது பொய்யாகிவிடுகிறது.

எனவே பிள்ளைகளே ஒரு புத்தகம் வரையட்டும் என்று விட்டோம். கதை ஆயாவுடையது. திண்ணையின் நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். அதற்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளும் உண்டு, இரண்டு பேர். அவர்கள் வீடுகளுக்கும் போய்ப் பேசினோம். ஒருத்தி திரும்ப வந்தாள்.

முதல் தகராறு நிறத்தில் வந்தது. கிரேயான் பெட்டியில் தோல் நிறம் என்று ஒரு குச்சியை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், இளஞ்சிவப்பு. அந்த நிறத்தில் காலனியில் ஒருவரும் இல்லை. பழுப்பையும் கறுப்பையும் கலந்து தீட்டினார்கள். இரண்டாவது தகராறு இன்னும் தீரவில்லை. வீரனின் அப்பா தோல் அறுக்கிற கத்தியும் ஊசியுமாக உட்கார்ந்து செருப்புத் தைப்பதுபோல வரையவேண்டும் என்றான் பையன். "வேணாம், அசிங்கமா இருக்கும்" என்றார்கள் சிலர். எங்களுக்குள்ளும் பிளவு. காஞ்ச அய்லய்யா குழந்தைகளுக்காக எழுதி, துர்காபாய் படம் வரைந்த புத்தகம் ஒன்று இருக்கிறது. தோல் பதனிடுவது ஓர் அறிவியல் என்று அது சொல்கிறது. சரிதான். ஆனால் இழிவு சுமத்தும் தொழில்களை விட்டு வெளியேறச் சொன்னவர் பாபாசாகேப். அந்தப் படத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போகும் பையனை மறுநாள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டார். பதில் இல்லை. கடைசியில் பையன் வரைந்தான், அப்பாவின் முகத்தை மற்ற எல்லா முகங்களையும்விடப் பெரிதாக.

பிறகு மாறுகால் மாறுகை வாங்கும் இடம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் புதுக்கூரைப்பேட்டை கண்ணகியும் முருகேசனும் 2003இல் கொல்லப்பட்டார்கள், விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. இந்தப் பிள்ளைகள் செல்போனில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் தடுக்கவில்லை. அவர்கள் வெட்டுவதை வரையவில்லை. குதிரை மட்டும் தனியாகத் திரும்பி வருவதை வரைந்தார்கள்.

ஒரு சிறுமி, "பொம்மி ஒண்ணுமே பேசலியே" என்றாள். நாயக்கர் வீட்டுப் பெண், அவனோடு வந்தவள், நெருப்பில் விழுந்தாள் என்று கதை முடிகிறது. அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பேச்சுக் குமிழைக் காலியாக விட்டோம். முப்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்தோம். அவரவர் பிரதியில் அவரவர் எழுதிக்கொள்ளலாம். "நான் சாவ மாட்டேன்" என்று எழுதியிருந்தாள் அந்தச் சிறுமி. இன்னொருத்தி, "எங்கப்பாதான் செஞ்சாரு" என்று எழுதியிருந்தாள்.

முதல் பிரதியை ஆயாவிடம் கொடுத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு படமாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, வீரனுக்கு மீசை பத்தாதுடா" என்றார். பையன் அங்கேயே உட்கார்ந்து பேனாவால் மீசையை நீட்டத் தொடங்கினான்.