காகிதப்பூ மட்டும் போதாது

புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீதிகளில், மஞ்சள் சுவர்மேல் காகிதப்பூ படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகென்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கிய செடி அது. ஆனால் நம் கண்ணைப் பறிப்பவை பூவடி இலைகள்தான். உண்மையான பூ, நடுவில் வெளிறிய சின்னக் குழலாக இருக்கிறது.

காகிதப்பூ மட்டும் போதாது; பட்டாம்பூச்சி வர வேண்டுமானால் பக்கத்தில் இட்லிப்பூச் செடி ஒன்று வையுங்கள். அதன் குறுகிய நீண்ட குழலுக்குள் உறிஞ்சுகுழலை விட்டுத் தேன் குடிக்கப் பெரிய பட்டாம்பூச்சிகள் தேடி வரும்.

தேன் இருந்தால் விருந்தாளி வரும். குடும்பம் நடத்த இலை வேண்டும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைக் கொழுந்துகளில் முட்டையிடுகின்றன. கறிவேப்பிலை பறிக்கும்போது இலையின் மேற்புறத்தைப் பாருங்கள். பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் அது இளம்புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி, நெடி வீசும். எதிரியை விரட்ட அது ஓர் ஆயுதம்.

வேலியோரத்து எருக்கையும் வெட்டிவிடாதீர்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. எருக்கம்பாலின் நஞ்சு உடலில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் வெந்தய வரியனைத் தொடுவதில்லை.

பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தோட்டம் இல்லாதவர்களுக்கு, வெயில் படும் மொட்டைமாடியில் இரண்டு தொட்டி போதும்: ஒன்றில் இட்லிப்பூ, இன்னொன்றில் கறிவேப்பிலை.