அம்மாவுக்கு மட்டும் ஒரு ஆரஞ்சுப் பழம்!

('குடும்பத்தின் பெருமைக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா?' பட்டிமன்றத்தில் 'மனைவியே' என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் காந்தியடிகளை அழைச்சுக்கிட்டு வந்தார். ரொம்ப சந்தோஷம். ஆனா ஐயா, அந்த அம்மாவை எங்கே விட்டுட்டு வந்தீங்க? (சிரிப்பு) பரவாயில்லை, நான் அழைச்சுக்கிட்டு வந்திருக்கேன்.

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர் கஸ்தூரிபா. கணவரைவிடச் சில மாதம் மூத்தவர். 1883-ல் கல்யாணம். நாலு ஆண் பிள்ளைகள். நம்ம ராஜாஜியின் மகள் லட்சுமி, 1933-ல் இந்த அம்மாவுக்குக் கடைசி மருமகளாப் போனாங்க. ஆக, நமக்குச் சம்பந்தி வீடு!

1913-ல் தென்னாப்பிரிக்காவிலே ஒரு தீர்ப்பு. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் சட்டப்படி செல்லாதுன்னுட்டாங்க. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளைப் பார்த்து, நீ மனைவியே இல்லேன்னா எப்படி இருக்கும்? சிறைக்குப் போறதைப் பத்திக் காந்தி மற்ற பெண்களிடம் பேசுறார். இந்த அம்மா காதில் விழுது. எனக்கு மட்டும் என்ன குறை, என்னிடம் ஏன் சொல்லலைன்னு கேட்டாங்களாம். காந்தியே எழுதியிருக்கார். மூன்று மாதம் கடுங்காவல். எலும்பும் தோலுமா வெளியே வந்தாங்க. (கைதட்டல்)

நாட்டுக்கு உழைக்கிறவர் வீட்டில் பிள்ளைக்கு ஒரு ஏக்கம் இருக்கும் ஐயா. மூத்த மகன் ஹரிலாலுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகலை. குடிப்பழக்கம் வேற. 1918-ல் விஷக் காய்ச்சலில் அவர் மனைவியும் போயிட்டாங்க. தாயில்லாத பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது யாரு? பாட்டிதான்!

ஒருநாள் காந்தியும் கஸ்தூரிபாவும் ரயிலில் போறாங்க. கட்னி ஸ்டேஷன். கூட்டம் 'காந்திக்கு ஜே'ங்குது. ஒரு குரல் மட்டும் 'அன்னை கஸ்தூரிபாவுக்கு ஜே'ங்குது. பார்த்தா, கிழிஞ்ச துணியோட ஹரிலால்! கையில ஒரே ஒரு ஆரஞ்சுப் பழம். அம்மாகிட்டே கொடுத்து, நீதான் சாப்பிடணும்கிறார். எனக்கு இல்லையான்னு கேட்கிறார் அப்பா. உங்களுக்கு இல்லை, நீங்க பெரிய மனுஷரானதே அம்மாவாலதான்னு சொல்லிட்டார் பிள்ளை! (பலத்த கைதட்டல்)

ரயில் நகர்ந்த பிறகுதான் அந்தத் தாய்க்கு உறைக்குது. பிள்ளை பசியோட இருப்பானே, கூடையில பழம் இருந்தும் ஒண்ணு கொடுக்கலையேன்னு தவிச்சுப் போனாங்க. கொள்கையை அப்பா பார்த்தார். பசியைப் பார்த்தவள் அம்மா!

1942-ல் மறுபடியும் சிறை. 1944 பிப்ரவரி 22, புனே ஆகாகான் மாளிகைச் சிறையில், கணவர் மடியிலேயே உயிர் பிரிஞ்சது. அவர் கையால் நூற்ற நூலில் நெய்த புடவையைத்தான் போர்த்தினாங்க. சரியா 30 வருஷத்துக்கு முன்னால், அதே பிப்ரவரி 22-ல்தான் நம்ம தில்லையாடி வள்ளியம்மையும் மறைஞ்சாங்க. சிதை எரிந்து அடங்கும்வரை காந்தி எழுந்திருக்கலை. அறுபது வருஷத்துக்கு மேல கூட இருந்தவளை விட்டு எப்படி ஐயா எழுந்திருக்க முடியும்?

நடுவர் அவர்களே! ஒரே ஒரு பழம் கையில் இருந்தப்போ, அதை யாருக்குக் கொடுக்கணும்னு தடுமாறின பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு. தீர்ப்பைக் கையில் வச்சிருக்கிற உங்களுக்குத் தெரியாதா?