குதிகால் ரத்தச் சொட்டும் முழுவுடல் பரிசோதனையும்



முழுவுடல் பரிசோதனைத் தொகுப்புகளில் தைராய்டுச் சோதனை இல்லாத ஒன்றை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடி கொட்டினாலும், எடை கூடினாலும், அசதி என்று சொன்னாலும் சீட்டில் முதலில் ஏறுவது டிஎஸ்எச் என்ற தைராய்டுச் சோதனை. ஆனால் நம் நாட்டில் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் இந்தச் சோதனை இல்லாமலேயே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிறார்கள். இவை இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம். எந்த வயதில் சோதித்தால் பலன் உறுதி என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவோ, அந்த வயதை விட்டுவிட்டோம். பலன் ஐயத்துக்குரியது என்று அதே ஆய்வுத்துறை சொல்லும் வயதில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் தைராய்டுக் குறைவு கண்ணால் கண்டுபிடிக்கப்பட்ட நோய். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, உடல் குளிர்ந்துபோன ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். சோதனைக்கூடத்தின் துணை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 1914இல் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார்; 1920களில் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகவும் தயாரித்தார். உண்மையான திருப்பம் வந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் இன்சுலினை அளக்கக் கதிரியக்க எதிர்ப்புப் புரத முறையை உருவாக்கினார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. அந்த முறை 1960களில் டிஎஸ்எச்சுக்கு வந்தது. தொடக்ககாலச் சோதனைகளுக்கு உயர்ந்த அளவை மட்டுமே தெளிவாகக் காட்ட முடிந்தது. குறைந்ததையும் இயல்பானதையும் பிரித்தறிய முடியவில்லை. பின்னால் வந்தவை நூறு மடங்கு நுட்பமானவை. இந்த நுட்பம் நோயாளிக்கும் எண்ணுக்கும் இருந்த வரிசையையே மாற்றிவிட்டது. முன்பு நோயாளி வந்தார், எண் அவர் நோயை உறுதி செய்தது. இப்போது எண் முதலில் வருகிறது, அதற்குப் பிறகுதான் ஒருவர் நோயாளி ஆகிறார்.

எண்ணின் இயல்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். டிஎஸ்எச் தைராய்டு சுரப்பது அல்ல; பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் தூண்டல். ரத்தத்தில் தைராக்சின், அதாவது டி4, குறைந்தால் டிஎஸ்எச் ஏறும். ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் நகர்வதில்லை. டி4 பாதியாகக் குறையும்போது டிஎஸ்எச் ஏறத்தாழ நூறு மடங்கு ஏறக்கூடும். அதாவது டி4 இன்னும் தன் எல்லைக்குள் இருக்கும்போதே டிஎஸ்எச் எல்லையைத் தாண்டி நிற்கும். இதுதான் அறிகுறியற்ற தைராய்டுக் குறைவு என்று பெயரிடப்பட்ட நிலை. எல்லை என்பதும் நலமுள்ளவர்களில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்கும்படி போட்ட புள்ளியியல் கோடு. நலமாக இருந்தும் அதற்கு மேலே நிற்பவர் எப்போதும் இருப்பார்கள். அமெரிக்கத் தேசிய ஆய்வுத் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 80 வயதைக் கடந்தவர்களின் மேல் எல்லை 7.5ஐத் தொட்டது. நம் சோதனைச் சீட்டுகளோ இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒரே கோட்டைத்தான் அச்சிடுகின்றன. போதாததற்கு, டிஎஸ்எச் இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்கும் தன்மையது. முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில சோதனை முறைகளில் முடிவையே புரட்டிப்போடும்.

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் உயர்ந்தவர்கள் 8.02 விழுக்காடு என்றது. பெரிய எண்ணிக்கைதான். இவர்களுக்குத் தைராக்சின் மாத்திரை கொடுத்தால் நலம் கூடுமா? இதற்கு வலுவான விடை தந்தது ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் நடந்து 2017இல் வெளியான டிரஸ்ட் ஆய்வு. 65 வயதைக் கடந்த 737 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு லெவோதைராக்சின் என்ற அந்த மாத்திரையும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டில் மருந்து பெற்றவர்களின் சராசரி டிஎஸ்எச் 3.63க்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 5.48. எண் பணிந்தது. ஆனால் தைராய்டு அறிகுறிகளிலும் களைப்பிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இந்த ஆய்வையும் பிறவற்றையும் சேர்த்து ஆராய்ந்த ஒரு வல்லுநர் குழு, இந்நிலையில் உள்ள வயதுவந்தோருக்கு மாத்திரை வேண்டாம் என்று 2019இல் அழுத்தமாகவே பரிந்துரைத்தது. டிஎஸ்எச் 20க்கு மேல் போனவர்களையும், கருத்தரிக்க விரும்பும் பெண்களையும், கடுமையான அறிகுறி உள்ளவர்களையும், இளம் வயதினரையும் அக்குழு இதிலிருந்து விலக்கியே வைத்தது.

மாத்திரை போட்ட பிறகு தெம்பாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அசதியும் முடி உதிர்வும் தைராய்டு நன்றாக உள்ளவர்களுக்கும் வந்து போகின்றன. சற்றே உயர்ந்த டிஎஸ்எச்சும் மறுசோதனையில் பலருக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது. வெற்று மாத்திரைப் பிரிவு இல்லாமல் இவற்றை மருந்தின் பலனிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு: டிரஸ்ட் ஆய்வில் டிஎஸ்எச் 10ஐத் தாண்டியவர்கள் மிகச் சிலர்; தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு அறிகுறியும் லேசானதே. ஆகவே அதன் முடிவை 10க்கு மேல் உள்ளவர்களுக்கோ நாற்பது வயதுக்காரர்களுக்கோ அப்படியே நீட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு சொல்வதெல்லாம் சான்று போதாது என்பதைத்தான். கொடுக்கலாம் என்பதற்கு அது சான்றாகாது. டி4 அளவே குறைந்து நோய் வெளிப்பட்டவர்களைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அவர்களுக்கு மாத்திரை கட்டாயம். கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்ற வாதமும் நிற்காது. அளவு மிஞ்சினால் முதியவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்; எலும்பு தேயும்.

பெரியவர்களில் இன்னொரு பிரிவினரான கருவுற்ற பெண்களைச் சோதித்தால் பிள்ளையின் அறிவுத்திறன் காக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பிரிட்டனிலும் இத்தாலியிலும் 21,846 பெண்களைக் கொண்டு நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளின் ஐ.க்யூ. சிகிச்சை பெற்ற பிரிவில் 99.2, பெறாத பிரிவில் 100.0. சிகிச்சை தொடங்கியபோது கரு மூன்று மாதத்தைக் கடந்திருந்தது என்பதால் விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது பிறந்த குழந்தைக்கு வருவோம். பிறவித் தைராய்டுக் குறைவுள்ள குழந்தையிடமும் தொடக்கத்தில் அறிகுறி இல்லை. எண் மட்டுமே பேசுகிறது. அப்படியானால் பெரியவர்களிடம் மறுத்ததைக் குழந்தையிடம் ஏற்பது முரண் அல்லவா? அல்ல. பெரியவர் விஷயத்தில் காத்திருந்து மறுபடி சோதிப்பதால் இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை. குழந்தையின் மூளையோ பிறந்த முதல் வாரங்களில் தைராய்டு ஹார்மோனை நம்பி வளர்கிறது. தவறவிட்டதைப் பிறகு எந்த மருந்தாலும் மீட்க முடியாது. சோதனைத் திட்டங்கள் வருவதற்கு முன்பே, 1972இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது: மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. 89, ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களுக்கு 54. தாயின் ஹார்மோன் ஓரளவு கருவுக்குள் போவதால் பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். மஞ்சள் காமாலை தெளியத் தாமதமாகலாம், அழுகை கரகரக்கலாம், மலம் கட்டலாம். சமர்த்துப் பிள்ளை, அழாமல் தூங்குகிறது என்று வீட்டார் மகிழ்ந்தும் போகலாம். மருத்துவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நோய் முற்றும்போது பொழுது போயிருக்கும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷான் டுசோ 1970களின் முற்பகுதியில், குதிகாலில் குத்தி வடிதாளில் உலர்த்திய ரத்தச் சொட்டிலிருந்தே ஹார்மோனை அளந்துகாட்டியபின் நிலைமை மாறியது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால், அந்தக் குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளர்கிறார்கள்.

இது அபூர்வ நோய்தானே என்பது அடுத்த மறுப்பு. மேலை நாடுகளில் மூவாயிரம், நாலாயிரம் பிறப்புக்கு ஒன்று என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது 1,130க்கு ஒன்று என்று வந்தது. தென்னிந்தியக் குழந்தைகளில் 727க்கு ஒன்று. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 லட்சம் பிறப்புகள் என்று கொண்டால் 700 முதல் 1,100 குழந்தைகள். இவர்களில் ஒரு பகுதியினருக்குக் குறை தற்காலிகமானது. மூன்று வயதில் மாத்திரையை நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோவாவும் கேரளமும் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையைக் கொண்டுவந்தன. மத்திய அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலத்திட்டமோ இந்நோயைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, விருப்பம்போல் செய்துகொள்ளுங்கள் என்று மாநிலங்களிடம் விட்டுவிட்டது. சில வாரங்களில் பலன் போய்விடும் ஒரு சோதனையை விருப்பத்துக்கு விடுவது எனக்கு விளங்கவில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு, அவை அற்பமல்ல. பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் டிஎஸ்எச் எகிறும். அப்போது எடுத்தால் பொய் எச்சரிக்கைகள் குவியும். மூன்றாம் நாள் நல்லது. சுகப்பிரசவமானவர்களோ அதற்குள் கிளம்பத் துடிப்பார்கள். தொப்புள்கொடி ரத்தம் அங்கே ஒரு மாற்று வழி. குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டாவது சோதனையும் வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது, எண் உயர்ந்த குழந்தையைத் திரும்ப அழைத்துவருவது. நம் மாநிலத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: கருவுற்றதுமே ஒவ்வொரு பெண்ணும் பிக்மி என்ற அரசுப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு பதிவாகிறார், பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணையே கேட்கிறோம். வடிதாள் அட்டையில் அதே எண் ஏறினால் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றை மட்டும் திட்டம் தீட்டுவோர் மறக்கக் கூடாது. பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் புகுந்த வீட்டு முகவரி; பிரசவமான பெண் அந்த வாரங்களில் இருப்பதோ தாய்வீட்டில், பல சமயம் வேறு மாவட்டத்தில். அட்டையில் இரண்டு ஊருக்கும் இரண்டு கைபேசி எண்ணுக்கும் இடம் விட வேண்டும். தாய்வீட்டு ஊரின் செவிலியருக்கும் அதே நாளில் தகவல் போக வேண்டும்.