பழமையும் பட்டாவும்



ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவப் புறப்படுமுன் அம்மனைத் தொழுத முன்னோர்க்கு, கோயில் நிலம் எவர் பெயரில் உள்ளது என வினவத் தேவை இருந்ததில்லை. துரைமாரின் வாய்மொழி இசைவே போதுமானதாயிற்று. தோட்டம் கைமாறும்போது அவ்வாய்மொழி உடன் கைமாறுவதில்லை.

பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் நிலம் நமதே என்னும் இந்தியப் பேச்சு இங்குச் செல்லாது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அரசு நிலத்திற்கும், 341ஆம் பிரிவு தனியார் நிலத்திற்கும் அதனை மறுக்கின்றன. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஏறத்தாழ 130 ஆண்டுப் பழமையுடைய தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலம் 2014இல் ஒரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 2025இல் ஆலயம் அருகிலேயே வேறிடம் பெயர உடன்பட நேர்ந்தது.

மின்கட்டண ரசீதோ சங்கப் பதிவுச் சான்றிதழோ பட்டா ஆகாது. குளுவாங் மாவட்ட நில அலுவலகத்தில் முக்கிம், லாட் எண், பட்டா எண் ஆகியவற்றைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், ‘சாரியான் ரஸ்மி’ என்னும் அதிகாரபூர்வத் தேடல் சான்று பெறலாம். உரிமையாளர் பெயர், அடமானம், கேவியட் யாவும் அதில் விளங்கும். பயன்பாட்டு நிபந்தனையை மட்டும் இருமுறை படித்தல் நலம். ‘வேளாண்மை’ என்றிருப்பின், பட்டா கையிலிருந்தும் அங்கு ஆலயம் எழுப்புவது நிபந்தனை மீறலே. திருப்பணி நிதிக்கு ரசீதுப் புத்தகம் அச்சிடுமுன் நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டிய தாள் இதுவே.