துருப்பிடித்த மைட்டர் பெட்டியும் நாலு மூலைச் சட்டமும்



வீட்டில் சாமிப் படம் மாட்டியிருக்கிறது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். அந்தப் படத்துச் சட்டத்தின் மூலைகளை என்றைக்காவது உற்றுப் பார்த்ததுண்டா? இரண்டு கட்டைகள் சாய்வாக வெட்டப்பட்டு ஒன்றோடொன்று சேருகிற இடம் அது. மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தெரிந்தால், நல்ல கைக்காரர் செய்த சட்டம். மக்கு அடைத்து மேலே வண்ணம் பூசியிருந்தால், வெட்டு சரியாக விழவில்லை என்று பொருள்.

நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 பாகை. ஒரு வெட்டில் அரைப் பாகை தவறிவிட்டது என்று வையுங்கள். அரைப் பாகைதானே, போகட்டும் என்று தோன்றும். ஆனால் எட்டு வெட்டும் ஒரே பக்கமாகத் தவறினால் மொத்தம் 4 பாகை. மூன்று மூலைகளை ஒட்டி முடித்து நாலாவதைச் சேர்க்கும்போது அத்தனை பிழையும் அங்கே வந்து நிற்கும். கட்டை 50 மில்லிமீட்டர் அகலம் என்றால், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வாய் பிளந்திருக்கும். சுத்தியால் தட்டி அதை மூட முடியாது.

இந்தப் பிழை வராமல் காப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் பெயர் மைட்டர் பெட்டி. மிக எளிய வகை, மூடியும் இரு முனைகளும் இல்லாத மரப் பெட்டி. அடியில் ஒரு பலகை, பக்கத்துக்கு ஒரு பலகை. பக்கப் பலகைகளில் 45 பாகைக்கும் 90 பாகைக்கும் பிளவுகள் இருக்கும். கட்டையை உள்ளே வைத்து, ரம்பத்தைப் பிளவில் இறக்கி இழுக்க வேண்டியதுதான். எந்தத் தச்சரும் அரை மணி நேரத்தில் செய்துகொள்வார். குறை என்னவென்றால், ரம்பம் உரச உரசப் பிளவு அகன்றுகொண்டே போகும். கொஞ்ச நாளில் 45 என்பது 44 ஆகும், 46 ஆகும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் வார்ப்பிரும்பு மைட்டர் பெட்டி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அது பரவலானது. மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனத்தின் 'லாங்டன்' பெட்டிகளும், ஸ்டான்லி நிறுவனத்தின் பெட்டிகளும் பேர்போனவை. ரம்பம் இரண்டு தூண்களுக்கு நடுவே ஓடும். அடியில் இருக்கும் கையைத் திருப்பினால் தூண்கள் இரண்டும் சேர்ந்து சுழலும். 45, 30, 22½ போன்ற முக்கியமான பாகைகளில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். நாலு பக்கச் சட்டத்துக்கு 45, ஆறு பக்கத்துக்கு 30, எட்டுப் பக்கத்துக்கு 22½. கணக்கு எளிது, 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

இதற்கான ரம்பமும் தனி. இரண்டடிக்கும் மேல் நீளம், நல்ல ஆழம், வளையாமல் இருக்க முதுகில் கனமான இரும்புப் பட்டை. இவற்றில் பலவற்றைப் பெட்டிக்காரர்களுக்குச் செய்து கொடுத்தது பிலடெல்பியாவின் டிஸ்டன். 1840-இல் தொடங்கிய நிறுவனம் அது.

சரி, இதற்கும் பினாங்குக்கும் என்ன சம்பந்தம்?

ஜார்ஜ் டவுன் மரவேலையால் ஆன நகரம் என்றே சொல்லலாம். கடைவீடுகளின் அஞ்சடியில் நின்று மேலே பாருங்கள். சட்டம் அடித்த சன்னல் கதவுகள், கதவுக்கு மேல் செதுக்கிய காற்றுப்போக்கிகள், கூரை விளிம்புப் பலகைகள். ஒவ்வொரு மூலையும் கையால் வெட்டிச் சேர்த்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், லெய்த் தெருவின் நீல மாளிகையான சியோங் ஃபாட் சீ மாளிகையின் சீரமைப்புப் பணி யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றிருந்தது.

கட்டடம் காப்பாற்றப்பட்டது. பட்டறை? அங்கேதான் கதை மாறுகிறது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அந்தக் குறைந்த வாடகையில்தான் தச்சரும் தகரவேலைக்காரரும் கூடை முடைபவரும் நகரின் நடுவில் தொழில் செய்தார்கள். அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 2000 ஜனவரியோடு கட்டுப்பாடு முற்றிலும் போயிற்று. வாடகை ஏறியது. பழைய குடியிருப்பாளர்களும் சிறு தொழில்காரர்களும் பெருமளவில் வெளியேறினார்கள். வீட்டு உரிமையாளரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது, மறுப்பதற்கில்லை. பத்து வெள்ளி, இருபது வெள்ளி வாடகையில் யார் கூரையைப் பழுதுபார்ப்பார்? ஆனால் பட்டறை மூடும்போது கருவி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

அது பழைய சாமான் சந்தைக்குத்தான் போகும். முன்பு பிந்தால் தாலி சாலையில், அதாவது கயிறு முறுக்கிய தெருவில், பழைய சாமான்கள் விற்றார்கள். இப்போது பேர்போன இடம் சிட்டி ஸ்டேடியம் பக்கத்திலுள்ள லோரோங் கூலிட். காலையிலேயே போய்விட வேண்டும். செருப்பு, கடிகாரம், பழைய நாணயம் இவற்றின் நடுவே இழைப்புளி கிடக்கும், உளி கிடக்கும். மைட்டர் பெட்டி கிடைப்பது அரிது. பல நாள் வெறுங்கையோடு திரும்பவும் நேரும். பெட்டி ஒரு கடையிலும் ரம்பம் வேறொரு கடையிலும் கிடப்பதுண்டு. விற்பவருக்கே இரண்டும் ஜோடி என்று தெரியாது!

கண்ணில் பட்டால் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது விரிசலுக்கு. வார்ப்பிரும்பு உடைந்தால் ஒட்டவைப்பது பெரும்பாடு. கால்கள், தூண்கள் பொருந்தும் இடம், முதுகுத் தடுப்பு மூன்றையும் தடவிப் பாருங்கள். கையைத் திருப்பிப் பூட்டுகிறதா என்று பாருங்கள். ரம்பத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் நோக்குங்கள். தகடு முறுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். பல்லுக்குப் பக்கத்தில் துரு குழிகுழியாய் அரித்திருந்தாலும் அப்படியே, அந்தப் பல் கூர் தாங்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இருக்கிறதே! எந்தத் திருகு எங்கே இருந்தது என்பது மறுவாரம் மறந்துபோகும். இறுகிய திருகில் மண்ணெண்ணெயும் கொஞ்சம் இயந்திர எண்ணெயும் கலந்து விட்டு, ஒரு இரவு விடுங்கள். அவசரப்பட்டு ஓங்கித் தட்டினால் வார்ப்பிரும்பு தெறித்துவிடும். சிறிய எஃகுப் பாகங்களைப் புளிக்காடியில் சில மணி நேரம் ஊறவைத்தால் துரு தளரும். பிறகு சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். பினாங்கின் கடல் காற்றில் ஈர இரும்பு மறுநாள் காலையிலேயே மறுபடி சிவந்து நிற்கும்.

ரம்பத் தகட்டுக்கு மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்தால் போதும். தகட்டின் நடுவில் நிறுவன முத்திரை அமிலத்தால் பொறிக்கப்பட்டிருக்கும், அந்த இடத்தில் கை மெதுவாகப் போகட்டும். சுழலும் கம்பித் தூரிகையை வைத்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

இதுவரை செய்தது சுத்தம் மட்டும். பெட்டிக்கு உயிர் வருவது கூர் தீட்டுவதில்தான். முதலில் தட்டை அரத்தைப் பல்நுனிகளின் மேல் ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு முக்கோண அரத்தால் பல்லுக்குப் பல் சீர்செய்வது. அதன்பின் ஒரு பல் இடம், ஒரு பல் வலம் என்று சாய்ப்பது. மைட்டர் ரம்பத்துக்கு இந்தச் சாய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். தூண்களே வழிகாட்டுவதால் அதிகம் சாய்த்தால் வெட்டு கரடுமுரடாகும். கடைசியாக, நார்க்குறுக்கே வெட்டுவதற்காகப் பல்லின் ஓரத்தைக் கத்தி முனைபோல் சாய்த்து அராவ வேண்டும். அங்குலத்துக்குப் பத்துப் பதினொரு பல், இரண்டடி ரம்பம். எத்தனை பல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! இருநூற்றைம்பதுக்குக் கிட்டத்தட்ட வரும். பொறுமை இல்லாதவருக்கு இது தண்டனை.

இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிற கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. இரும்பு இன்னும் ஐம்பது ஆண்டு சந்தையில் கிடக்கும். அரம் பிடிக்கும் முதியவர் அப்படிக் காத்திருக்க மாட்டார். பினாங்கு மரபு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் கைவினைஞரிடம் இளைஞரைப் பழக விடும் திட்டத்தை நடத்தியது அதனால்தான். லவ் லேனில் தச்சர்களின் லூ பான் கோயில் இருக்கிறது. புல்லின் ரம்பப் பல் போன்ற விளிம்பு கையைக் கிழித்ததைப் பார்த்து லூ பான் ரம்பத்தைக் கண்டுபிடித்தார் என்பது சீனர்களின் கதை. நம்மவர் ஆயுத பூஜைக்கு ரம்பத்துக்கும் உளிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இரண்டு சமூகமும் கருவியைத் தெய்வத்தின் பக்கத்தில் வைத்தவைதான். இன்று அதே ரம்பத்துக்கு வார்னிஷ் அடித்துக் காப்பிக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த சந்து வீட்டின் சன்னல் கதவை யார் சரிசெய்வது?

மின்சார ரம்பம் வந்துவிட்டதே என்பார்கள். நூறு சட்டம் ஒரே நாளில் வேண்டுமென்றால் அதுதான் சரி. ஆனால் பழைய சன்னலில் ஒரு மெல்லிய மெராந்திப் பட்டியை மாற்றவேண்டும், ஓரம் சிதறக்கூடாது, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்றால்? அஞ்சடியில் ஒரு மேசை, ஒரு கைப்பெட்டி போதும். தூள்கூடக் காலடியிலேயே விழும்.

பெட்டியைப் பூட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அகலமான நேர்ப்பலகையை 90 பாகையில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் கவிழ்த்து, இரண்டையும் ஒரு நேர்விளிம்பில் ஒட்டிச் சேர்த்துப் பாருங்கள். தெரிகிற இடைவெளி உண்மையான பிழையைப் போல் இரண்டு மடங்கு. அதில் பாதியைத் திருத்தினால் போதும். 90 சரியான பிறகுதான் 45-க்குப் போக வேண்டும்.

கைப்பிடியில் யாரோ தம் பெயரின் முதலெழுத்தையோ சீன எழுத்தையோ கத்தியால் கீறியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.