அண்டை நாட்டுக்குப் போன தேர்தல் பாடம்

(குறுவளமையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



தேர்தல் பணிக்குப் போகாதவர் நம்மில் அநேகமாக யாரும் இருக்க முடியாது. வாக்குப்பதிவு நாளன்று விடியற்காலையில் எழுந்து, முகவர்களை உட்கார வைத்து, 50 வாக்குகளுக்குக் குறையாமல் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, எண்ணி, அழித்து, முத்திரை வைத்த பிறகுதான் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்குகிறோம். அந்த அவசரத்தில் இது நமக்கு ஒரு சடங்கு போலத் தோன்றும். ஆனால், ஒரு நாடு முழுவதுமே இப்படி ஒத்திகை பார்த்துவிட்டு மக்களாட்சிக்குள் நுழைந்திருக்கிறது. நம் பக்கத்து நாடான பூட்டான்தான் அது.

2005 டிசம்பரில் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக், 2008-இல் தேர்தல் நடக்கும் என்று அறிவித்தார். அரசரே முன்வந்து அதிகாரத்தை விட்டுக் கொடுத்தார். "மன்னரே போதும், தேர்தல் எதற்கு?" என்று கேட்டவர்கள் மக்கள்தான். விருப்பம் அரசரிடம் இருந்தது. அனுபவம் யாரிடமும் இல்லை. வாக்காளர் பட்டியல் தயாரிப்பது எப்படி, ஆட்சேபணையை யார் விசாரிப்பது, பெட்டியை எங்கே வைப்பது? இவற்றைப் புத்தகத்தில் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. செய்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்குதான் எல்லை தாண்டிய வல்லுநர் தொடர்பு கைகொடுத்தது. அரசியலமைப்பு வரைவுக்கு இந்திய மூத்த வழக்கறிஞர் கே.கே.வேணுகோபால் ஆலோசகராக இருந்தார். இந்தியத் தேர்தல் ஆணையம் பயிற்சியளித்தது. வாக்குப்பதிவு இயந்திரங்களும் இங்கிருந்து சென்றன.

2007 ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுவதும் மாதிரித் தேர்தல் நடந்தது. உண்மையான கட்சிகள் இல்லை. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என நான்கு கற்பனைக் கட்சிகள். பச்சை சுற்றுச்சூழலைப் பேசியது; சிவப்பு தொழில் வளர்ச்சியைப் பேசியது; நீலம் ஊழல் ஒழிப்பைப் பேசியது; மஞ்சள் மரபைப் பேசியது. வேட்பாளர்களாக நின்றவர்கள் யார் தெரியுமா? உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்! இறுதிச் சுற்றில் 47 தொகுதிகளில் 46-ஐ மஞ்சள் கட்சி வென்றது. மஞ்சள் மன்னரின் நிறம். மக்கள் மனம் இன்னும் அரண்மனையில்தான் இருந்தது.

ஆனால் பழக்கம் மெல்ல மெல்ல வந்தது. 2008 மார்ச் 24-இல் நடந்த முதல் தேர்தலில் ஒரு கட்சி 47-இல் 45 இடங்களைப் பிடித்தது. 2013-இல் அதே கட்சியை மக்கள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வைத்தார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்சி மாறியிருக்கிறது, அமைதியாகவே மாறியிருக்கிறது.

அண்டை நாட்டிடம் கற்றார்கள். ஆனால் அப்படியே நகல் எடுக்கவில்லை. அங்கே முதல் சுற்றில் எல்லாக் கட்சிகளும் நிற்கும். அதில் முதலிரண்டு இடம் பெறும் கட்சிகள் மட்டுமே இறுதிச் சுற்றில் மோதும். வேட்பாளருக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். துறவிகளுக்கு வாக்கு இல்லை. இவற்றில் நமக்கு உடன்பாடு இல்லாதவையும் உண்டு. ஆனாலும் முடிவு அவர்களுடையது. சொல்லிக் கொடுப்பவர் வழி காட்டலாம். விடைத்தாளை அவரே எழுதிவிடக் கூடாது. நேபாளத்தைப் பாருங்கள்: 2008-இல் காத்மாண்டு தொகுதி ஒன்றில் இந்திய இயந்திரத்தைச் சோதித்தார்கள், பிறகு வாக்குச்சீட்டுக்கே திரும்பினார்கள். அதுவும் அவர்கள் உரிமைதான்.

இந்தத் தொடர்புகள் பின்னர் அமைப்பாகவே வளர்ந்தன. 2011-இல் இந்தியத் தேர்தல் ஆணையம் டெல்லியில் தேர்தல் மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. 2012-இல் தெற்காசியத் தேர்தல் அமைப்புகளின் மன்றம் உருவானது. அரசுகளுக்குள் பேச்சு நின்றுபோன காலத்திலும் தேர்தல் அலுவலர்கள் ஒரே மேசையில் அமர்ந்து வாக்காளர் பட்டியலைப் பற்றிப் பேச அது ஓர் இடம். ஜனவரி 25-இல் நாம் பள்ளியில் வாக்காளர் தின உறுதிமொழி எடுக்கிறோம். பாகிஸ்தானுக்கு டிசம்பர் 7, வங்கதேசத்துக்கு மார்ச் 2 அப்படியொரு நாள்.

இதுவரை சொன்னது நல்ல கதை. மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் சமூக அறிவியல் ஆசிரியனே அல்ல. 1990-களின் தொடக்கத்தில், தெற்கு பூட்டானில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்கள் பெரும் எண்ணிக்கையில் குடியுரிமை இழந்து நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2008-இல் திம்புவில் வரிசை நேர்த்தியாக நின்றபோது, ஏறத்தாழ 1 லட்சம் பேர் கிழக்கு நேபாள முகாம்களில் இருந்தார்கள். இயந்திரம் சரியாக வேலை செய்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் இல்லை. தேர்தலை எப்படி நடத்துவது என்பதை வல்லுநர்கள் எல்லை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். 'யாரெல்லாம் நம்மவர்' என்ற கேள்விக்கு அந்தந்த நாட்டு மக்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

பூட்டானைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல் நடத்தினேன். வாக்குச்சீட்டு, மறைவிடம், விரலில் மை என எல்லாம் முறைப்படி செய்தேன். முடியும் நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "எனக்கு ஓட்டு இல்லையா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. மூன்று மாதத்தில் போய்விடுவாளே என்று நான்தான் அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அன்று நான் நடத்தியதும் குறையில்லாத தேர்தல்தான், அவள் ஒருத்தியைத் தவிர!

மறுநாள் தேர்தலைத் திரும்ப நடத்தினேன். அவள் வாக்கால் முடிவு மாறவில்லை. ஆனால் அன்று முதல் அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் தேர்தல் நடத்தும்போது, வாக்குச்சீட்டை வெட்டுவதற்கு முன் பட்டியலை உரக்கப் படியுங்கள். "யார் பெயராவது விட்டுப் போயிருக்கிறதா?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பூட்டானின் ஒத்திகையில் பள்ளிப் பிள்ளைகள் வேட்பாளர்களாக நின்றார்கள். நம் பிள்ளைகள் பட்டியலைச் சரிபார்ப்பவர்களாக இருக்கட்டும்.