ரயில் விட்டால்தானே கூட்டம் வரும்!



   ஓர் ஊருக்கு ரயில் வேண்டுமா, வேண்டாமா என்பதை ரயில்வே அதிகாரிகள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? 'கூட்டம் இல்லை' என்பார்கள். அந்தக் கூட்டத்தை எப்படி அளந்தார்கள் என்று பார்க்க, திருவாரூர் – பட்டுக்கோட்டை – காரைக்குடிப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒரு காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய பாதை. அகலப்பாதை போடுகிறோம் என்று 2012-இல் நிறுத்தினார்கள். முழுப் பாதையிலும் மறுபடி ரயில் ஓட 2019 ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூவே முடித்திருக்கும். சரி, விட்ட ரயிலாவது உருப்படியா? கேட் கீப்பர்களைப் போதுமான அளவு நியமிக்கவில்லை. ஆகவே ரயிலிலேயே கேட் கீப்பரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டைப் பூட்டுவார். வண்டி தாண்டி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறுவார். அடுத்த கேட்டிலும் இதே கூத்து. முழுப் பாதையையும் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. பஸ்ஸில் போனால் இதைவிடச் சீக்கிரம் போகலாம் என்னும்போது, எந்த வியாபாரி, எந்த நோயாளி, எந்த மாணவன் அதில் ஏறுவான்? கடையைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு வியாபாரம் இல்லை என்று புலம்புவது போன்ற கணக்கு இது.

நஷ்டம் என்பார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் திரும்ப வருகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தவர்கள் ஆயிற்றே! நாலுவழிச் சாலை போட்டுவிட்டு அதில் நடந்து போகிறவனிடம் யாராவது அப்படிச் சொல்கிறார்களா? போகட்டும், நஷ்டக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கோடிக்கணக்கில் பணம் போட்டுத் தண்டவாளம், பாலம், நிலையம் எல்லாம் கட்டியாகிவிட்டது. அந்த முதலீட்டைச் சும்மா கிடக்க விடுவதைவிடப் பெரிய நஷ்டம் எது? பாதையில் இடமில்லை என்ற வாதம் நெரிசலான பாதைகளுக்குப் பொருந்தலாம். நாளின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடக்கும் ஒற்றைப் பாதைக்குப் பொருந்தாது.

இப்போதுதான் இந்தப் பாதையில் ரயில் விட்டுவிட்டோமே என்று சிலர் சொல்லலாம். 2023-இல் தாம்பரம் – செங்கோட்டை, அதுவும் வாரத்தில் மூன்று நாள். 2025 ஏப்ரலில் தினசரி ராமேசுவரம் – தாம்பரம். வரவேற்போம். ஆனால் இரண்டுமே சென்னையைக் குறிவைத்த வண்டிகள். பேராவூரணிக்காரர் காலையில் திருவாரூர் போய், வேலையை முடித்துவிட்டு மாலையில் வீடு திரும்ப அவை உதவாது. புது வண்டிகளைத் தலைநகருக்கே திருப்பிவிட்டு, ஊருக்கும் ஊருக்கும் நடுவே பயணமே இல்லை என்று கணக்கு எழுதுகிறார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். காலையிலும் மாலையிலும் இரு திசையிலும் தினசரி வண்டி விடுங்கள். கேட்டுக்குக் கேட் ஆள் இருக்கட்டும். திருவாரூரிலும் காரைக்குடியிலும் இணைப்பு வண்டி கிடைக்கிற மாதிரி நேரம் வையுங்கள். மூன்று வருஷம் மாற்றாமல் ஓட்டுங்கள். அதற்கப்புறம் டிக்கெட் கணக்கைக் கொண்டுவாருங்கள், இதே மேடையில் பேசுவோம்.